வலது பக்கத்துப் பாட்டு

என் இயர்போனின் இடது பக்கத்து ஒயரைக் கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்தவள் நானேதான். அதில் வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. எனக்கு இடது காது கேட்காது. நாலாம் வகுப்பு படிக்கும்போது சீழ் வடிய ஆரம்பித்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெற்றிலைச் சாறு, கோழி இறகு என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தக் காது கடையைக் கட்டிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் தெருவில் எனக்குச் செவிடி என்று பேர். சரி, வைத்துக்கொள்ளுங்கள். வலது காது எனக்குப் பாம்புக் காது. என்னைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்றால் இடது பக்கமாக வந்து நின்று பேசுவார்கள். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இப்பச் சொல்லு" என்பேன். பாதிப் பேர் அதோடு இடத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தொலைவில் எங்கள் காலனி. ரோட்டோரம் ஒரு ரைஸ் மில். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, பலகையால் தள்ளி, காலால் கிளறிக் காய வைப்பதுதான் எங்களுக்கு வேலை. காலையிலிருந்து வெயில் தாழும் வரைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் அந்த நடை நடக்க முடியாது. ஆளுக்கொரு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டோடு நடப்போம். என் இயர்போனில் வேலை இல்லாத இடது பக்கம் தொங்கித் தொங்கிப் பலகைக் கட்டையில் மாட்டும். ஒரு நாள் எரிச்சல் பொங்கி வந்தது. மில்லில் சாக்குத் தைக்கிறவரிடம் கத்தரிக்கோலை வாங்கி வெட்டினேன். நுனியில் ஒரு முடிச்சும் போட்டேன்.

பக்கத்தில் ஓர் அக்கா நின்றிருந்தாள். எங்கள் தெருக்காரி. களத்திலும் சரி, ஏசு கோயிலில் கொயர் கூட்டத்தோடு பாடும்போதும் சரி, என் வலது பக்கத்தில் நிற்பவள் அவள்தான்.

"இன்னாமே பண்ற? துட்டு போட்டு வாங்கனத நறுக்கறியே?"

"ஒரு காதுக்கு ஒண்ணு போதும்க்கா. இன்னொண்ணு தண்டத்துக்குத் தொங்கினு கீது."

"ஐய, நல்லா கீதுடி உன் நாயம்."

நியாயம்தான் என்று நான் ஏழு வருஷம் நினைத்திருந்தேன். இயர்போன் பிய்ந்து புதிது வாங்கினால், வாங்கின அன்றைக்கே இடது பக்கத்துக்கு வெட்டு விழும். அந்த ஏழு வருஷத்தில் நான் என்ன தொலைத்தேன் என்பது போன கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் தெரிந்தது.

எங்கள் கோயில் சின்னது. கொயரில் பன்னிரண்டு பேர். நான் வரிசையின் இடக்கோடியில் நிற்பேன். எனக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம் மற்றவர்கள். அப்படி நின்றால்தான் எல்லோருடைய குரலும் எனக்கு வரும். உயரப்படி நிற்க வேண்டும் என்று ஒருமுறை என்னை நடுவில் தள்ளினார்கள். நான் நகரவில்லை. அந்த இடம் சண்டை போட்டு வாங்கின இடம்.

பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் வருவார். கீபோர்டு நன்றாக வாசிப்பார், அதை மறைக்க மாட்டேன். மாஸ்டர் என்போம். போன கிறிஸ்துமஸுக்கு அவர் தொழுவத்தைப் பற்றி ஒரு புதுப் பாட்டுக் கொண்டுவந்தார். தானே பாடிக் கம்ப்யூட்டரில் பதிந்து, கொயர் குரூப்பில் போட்டு, "கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டு சனிக்கிழமை வரவும்" என்று எழுதினார்.

என்னிடம் அப்போது இருந்தது ஒரு பழைய டச் போன். வாங்கின மூன்றாம் மாதமே நெல் ஊற வைக்கிற தொட்டியில் விழுந்து ஸ்பீக்கர் செத்துப்போனது. எதைக் கேட்டாலும் இயர்போனில்தான். அந்தப் பாட்டையும் களத்தில் நடந்துகொண்டே ஒரு வாரம் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துப்போனது. ஆரம்பத்தில் இரண்டு தாளம் சும்மா விட்டு, மூன்றாவதில் கீழே இறங்கி நுழைகிற பாட்டு. ஓரிடத்தில் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மூச்சு முட்டும். களத்தின் ஒரு கோடியில் பிடித்தால் மறுகோடி போய்ச் சேரும்வரை விடாமல் பிடித்துப் பழகினேன்.

சனிக்கிழமை வந்தது. கீபோர்டு ஆரம்பித்தது. முதல் அடியை எல்லோரும் எடுத்தார்கள். இவர்களுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டு தாளம் பொறுத்து, மூன்றாவதில் நல்ல சத்தமாக நுழைந்தேன்.

மாஸ்டர் நிறுத்தினார். "யாரு லேட்டா எடுக்கறது?"

பதினோரு தலை என் பக்கம் திரும்பியது.

மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அவர்கள் முன்னால் ஓடினார்கள், நான் சரியான இடத்தில் நுழைந்தேன். மறுபடியும் நிறுத்தினார். எனக்கு அவர்கள் எல்லோரும் தப்பு என்றே தோன்றியது. ஒரு வாரம் காதில் வைத்துத் தேய்த்த பாட்டு, எனக்கா தெரியாது? மூன்றாம் முறை நிறுத்திவிட்டு, எழுந்து என்னிடம் வந்தார். சுவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த சந்தில், இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். பிறகு ஞாபகம் வந்து வலது பக்கம் வந்தார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மத்தவங்க பாடறது லேட்டா விழுது. அதான் தள்ளித் தள்ளி வருது. இந்தப் பாட்டுக்கு மட்டும் வாயை அசைச்சிக்கினு நில்லுங்க. சத்தம் வேணாம். பாக்கறவங்களுக்கு நீங்களும் பாடற மாதிரிதான் தெரியும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பரிதாபப்பட்டார்.

"வாயசைக்க மாட்டேன் சார்," என்றேன். "நின்னா பாடுவேன். பாட வோணாம்னா வூட்ல இருப்பேன். நடுவுல நின்னு பொம்ம மாரி வாயத் தொறந்து தொறந்து மூட என்னால ஆவாது."

"கோச்சிக்கினா எப்படி? சரி, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. நல்லாக் கேட்டுட்டு வாங்க. அப்பவும் இப்படியே வந்தா, நான் சொன்னதுதான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா என் தோளைத் தட்டி, "வுட்றி, ஒரு பாட்டுதானே" என்றாள். ஒரு பாட்டு இல்லை. பதினாறு வயதிலிருந்து அந்தச் சுவரோரம் நின்று பாடுகிறேன். மில்லில் என்னை ஆள்கணக்கில் ஒருத்தியாகத்தான் தெரியும். தெருவில் செவிடி. அந்தப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் என் குரலுக்காக என்னை நிற்க வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வாயை மட்டும் அசை என்றால், அப்புறம் நான் எங்கே போய்ச் சத்தம் போடுவது?

என் காது மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. போன் மேல்தான் வந்தது. தொட்டித் தண்ணீர் குடித்த போன், பாட்டை இழுத்து இழுத்துக் கொடுக்கிறது என்று முடிவு கட்டினேன். வேறு போன் வாங்கி, அதில் கேட்டு, அந்த மாஸ்டரை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. மழை பெய்தால் களத்தில் வேலை கிடையாது. நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நான் உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடித்தேன். ஏரி கரை தொட்டு நிறைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மழையில் ஆள் வராத எரிச்சலோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுக் கேக்கறதுக்கு நல்லதா ஒரு போன் காட்டுங்க. வெல மட்டு வெலையா இருக்கணும்," என்றேன்.

ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அட்டை முழுக்கக் கிடார் படமும், ஹெட்போன் மாட்டிய பெண்ணும். "யக்கா, இது பாட்டு கேக்கறவங்களுக்குன்னே வுட்டது. மேல ஒரு ஸ்பீக்கரு, கீய ஒரு ஸ்பீக்கரு. பாட்டுக்குன்னு தனியா ஒரு பட்டன் கீது பாருங்க. இயர்போனும் பெட்டியிலயே வருது. கண்ண மூடிக்கினு எட்த்துக்கினு போலாம்."

கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் எடுப்பதில்லை. மில்லுக்கு நெல் வாங்க வருகிறவர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். நான் மட்டும் ஏன் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்க வேண்டும்? குடைத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு திரையைத் தொட்டேன். நகரவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். எதையோ திறந்து வைத்தது.

"ஈரக் கையோட யாருக்கா போனத் தொடுவாங்க?"

"நான் தொடுவேன். அவிச்ச நெல்லுல நிக்கறவளுக்குக் கை எப்பய்யா காயும்?"

பிறகு அந்தப் பாட்டுப் பட்டனை அமுக்கினேன். ஒரு தடவை அமுக்கினால் பாட்டு வந்தது. இடுப்பில் செருகிப் பார்த்தால், குனியும்போது பட்டன் தானாக அமுங்கிப் பாட்டு நின்றது. மறுபடி குனிந்தேன், பாட்டு வந்தது. கடைக்குள் நான் குனிந்து நிமிர்ந்து பார்த்ததைக் கண்டு அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்து என் பழைய போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி இதில் போடச் சொன்னேன். மாஸ்டர் அனுப்பிய பாட்டை அதில்தான் சேமித்து வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். கீபோர்டு ஆரம்பித்தது. நான் மூன்றாம் தாளத்துக்குக் காத்திருந்தேன். அதற்குள் முதல் தாளத்திலேயே யாரோ ஒருவன் பாட ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் எனக்குத் தெரிந்த குரல் நுழைந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள்.

"இன்னாய்யா இது? போன் சரியில்ல," என்றேன்.

"ஏங்கா?"

"இதுல வேற எவனோ பாடறான். என் போன்ல ஒரு ஆளுதான் பாடுவாரு. இதுல ரெண்டு பேரு பாடறாங்க. வேற பாட்டு எதுனா கலந்து வருதா பாரு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெக்கார்டுல ரெண்டு பேருன்னா ரெண்டு பேருதான்க்கா வரும். போன் இன்னா ஆளக் கூட்டியாந்தா பாட வெக்கும்?"

நான் விடவில்லை. ஒரு வாரம் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா, போனில்தான் கோளாறு என்று கரடியாய்க் கத்தினேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எங்க, உங்க போன்ல எதுலக்கா கேட்டீங்க?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து என் இயர்போனை எடுத்து மேஜை மேல் போட்டேன். முடிச்சுப் போட்ட நுனியைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு இன்றைக்கும் புண்ணியம். பெட்டியில் வந்த புது இயர்போனைப் பிரித்துப் போனில் சொருகினார். வலது பக்கத்துக் குமிழை என் வலது காதில் வைத்தார்.

"இது யாரு?"

"இதான் நான் கேட்ட ஆளு."

அதை எடுத்துவிட்டு, இடது பக்கத்துக் குமிழை அதே காதில் வைத்தார்.

"இது?"

அது அந்த இன்னொருவன். முதல் தாளத்தில் எடுக்கிறவன். சனிக்கிழமை கோயிலில் பதினோரு பேர் பாடியது அவனைத்தான்.

"ஸ்டீரியோக்கா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பிரிச்சிப் போட்டுக்கறாங்க. நீங்க ஒரு பக்கத்த நறுக்கிப்புட்டீங்க. அந்த ஆளையும் சேத்து."

ஏசப்பா! நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் ஒரே பாட்டுக்குள் இரண்டு பாட்டை வைத்திருக்கிறார். நான் படித்தது வலது பக்கத்துப் பாட்டு. அதை நான் பிசகாமல் படித்திருக்கிறேன். தப்பே செய்யவில்லை. தான் போட்ட பாட்டையே தனக்கு அடையாளம் தெரியாமல் அந்த மனுஷர் என்னை வாயசைக்கச் சொல்லியிருக்கிறார். செவிடி தள்ளித்தான் பாடுவாள் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், அப்புறம் என் பாட்டு எங்கே கேட்கப் போகிறது?

கார்டிலிருந்த மற்றப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். அவ்வளவும் நான் ஏழு வருஷமாகக் கேட்ட பாட்டுகள். ஒன்றில் ஆண் பாடி நிறுத்துகிற இடத்தில் ஒரு பெண் முனகுகிறாள். இத்தனை நாள் அந்த இடம் எனக்கு வெறும் சும்மா. இன்னொன்றில் ஒரு வயலின் கூட்டமே ஒளிந்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்தது என்று ஏப்பம் விட்டிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதுல வரணும். அதுக்கு இன்னா வழி?" என்று கேட்டேன்.

"ஒரு தபா இத மாட்டுங்க, ஒரு தபா அத மாட்டுங்க."

"இட்லிய இன்னிக்கித் தின்னுட்டு சட்னிய நாளைக்குத் தொட்டுக்கவா?"

"அப்டியெல்லாம் எந்தப் போன்லயும் கெடையாதுக்கா. பேஜார் பண்ணாதீங்க. ஒரு காதுதான்னா உங்களுக்கு இந்தப் பாட்டுப் போனே தண்டம். பட்டன் போன் ஒண்ணு தரேன், பேசறதுக்கு எட்த்துக்கினு போங்க."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு காதுக்காரி பாட்டுக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பேசுவதற்கு மட்டும்தான் நான் பிறந்தேனா? "மய வுடற வரிக்கும் இங்கதான் உக்காரப் போறேன். போன இப்படிக் குடு," என்றேன்.

முதலில் போனின் பாஷையைத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான், அச்சில் இருப்பதைப் படிப்பதற்கு யார் தயவும் வேண்டாம். 'அமைப்புகள்' என்பதைத் திறந்து, மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒலி, காட்சி, பேட்டரி, பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் போய், ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே வந்தேன். இடையில் இரண்டு பேர் வந்து ரீசார்ஜ் செய்துகொண்டு போனார்கள். கடைக்காரர் என்னை மறந்தே போனார்.

அடியில் 'அணுகல்தன்மை' என்று ஒரு வரி. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதாலேயே தொட்டேன். உள்ளே, பார்வை குறைந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவது, கை நடுங்குகிறவர்களுக்கு என்று வரிசையாக ஏதேதோ இருந்தன. அட, இங்கேதான் எங்கள் ஆட்களையெல்லாம் குடிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். 'மோனோ ஆடியோ' என்று ஒரு வரி இருந்தது. இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கித் தரும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சுவிட்ச். தள்ளினேன்.

வலது காதில் குமிழை வைத்துப் பாட்டைப் போட்டேன். முதல் தாளத்தில் அவன் எடுத்தான். மூன்றாவதில் என்னுடையவர் கீழே இறங்கி நுழைந்தார். நான் களத்துக் கோடி வரைக்கும் மூச்சுப் பிடித்து இழுத்த அந்த ஒற்றை ஸ்வரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. மேலே அவன் ஏறி ஏறி இறங்குகிறான், கீழே இது அசையாமல் நின்று அவனைத் தாங்குகிறது. ஒரே காதில் இரண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், முன்பின் தெரியாத மனுஷனின் கடையில், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

"இன்னாக்கா ஆச்சி?" என்று ஓடி வந்தார். இயர்போனை அவர் காதில் வைத்துக் காட்டினேன். சுவிட்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இவ்ளோ நாளா விக்கறேன், இது எனக்கே தெரியாதே," என்றார்.

"தெரிஞ்சிக்க. நாளைக்கு என்ன மாரி வேற ஒருத்தி வருவா. பட்டன் போன் எட்த்துக்கோன்னு சொல்லாத."

போனை வாங்கினேன். அதற்காக அது நல்ல போன் என்று சொல்ல மாட்டேன். சத்தம் பெரிசு, ஆனால் முழுசாக வைத்தால் தகரத்தில் கல்லைப் போட்டு உலுக்குவது போல் கரகரக்கும். ஈரக் கைக்கு மசியாது. அந்தப் பாட்டுப் பட்டன் ஒரு தலைவலி. பெட்டியில் வந்த இயர்போன் ஒயர் நூல் மாதிரி. முதுகு வழுவழுவென்று இருப்பதால் இடுப்பில் நிற்காது, நான் ஒரு பழைய சாக்ஸில் போட்டுத்தான் செருகுகிறேன். பாட்டுப் பிரியர்களுக்கு என்று அட்டையில் அடித்தவர்கள், அந்தச் சுவிட்சைப் பற்றி அட்டையில் ஒரு வரி போடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் என் பழைய போனைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால், அதிலும் அதே சுவிட்ச் அதே இடத்தில் குந்திக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

சனிக்கிழமைக்குள் இடது பக்கத்துப் பாட்டையும் படித்துவிட்டேன். இரண்டே நாள் பிடித்தது. சுலபமான பாட்டு அது. களத்தில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "பின்னால ஒரு கொரலு வந்துச்சிடி. அது மிஷின்ல எதிரொலி வுட்றாங்கன்னு நெனச்சிக்கினு வுட்டுட்டேன்."

கோயிலில் மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "என்ன சிஸ்டர், கேட்டீங்களா? பாடறீங்களா, இல்ல நான் சொன்ன மாதிரியா?" என்றார்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க அனுப்பன பாட்டுல வலது பக்கத்துல பாடறது யாரு?"

"நான்தான்."

"இடது பக்கத்துல?"

"அதுவும் நான்தான், மேல் ஸ்தாயில. அது ஃபர்ஸ்ட் வாய்ஸ், வலது பக்கம் செகண்ட் வாய்ஸ். ஏன்?"

"எனக்கு வலது காது மட்டுந்தான் கேக்கும். அது உங்களுக்குத் தெரியும் இல்ல?"

கீபோர்டு மேல் கை வைத்தபடியே அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். "அப்போ போன வாரம் நீங்க பாடினது…"

"நீங்க பாடிக் குடுத்ததைத்தான் பாடனேன்."

"அதை நான் விட்டுட்டேன் சிஸ்டர். முதல்ல ரெண்டு குரல்லயும் பாடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் கஷ்டமா இருக்கும், நம்ம ஜனங்களுக்கு வராதுன்னு விட்டுட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

"வந்துட்டிருக்கு சார். கேளுங்க."

அவர் வாசித்தார். பதினோரு பேர் முதல் தாளத்தில் எடுத்தார்கள். நான் பொறுத்தேன். மூன்றாவதில் கீழே இறங்கி நுழைந்தேன். போன வாரம் திரும்பிய அதே தலைகள் இந்த வாரமும் திரும்பின, ஆனால் யாரும் நிறுத்தவில்லை. இழுத்துப் பிடிக்கிற இடத்தில் அக்காவின் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

முடிந்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. ஃபர்ஸ்ட் வாய்ஸும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. எல்லாரோடவும் சேர்ந்து ஃபர்ஸ்டே பாடிடுங்க. எதுக்கு வம்பு? செகண்ட்ல உங்க குரல் மட்டும் தனியா நிக்கும். ஒரு எடத்துல தப்பாப் போனாலும் கோயில் மொத்தத்துக்கும் தெரிஞ்சிடும்."

"சரியாப் போனாலும் தெரியும் சார்," என்றேன்.

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கடைசியில், "சரி, உங்களுக்குத் துணைக்கு நானும் செகண்ட் பாடறேன். வாசிச்சிக்கிட்டே பாடறேன், பிடிச்சிக்கிட்டு வந்துடுங்க," என்றார். பாடுங்கள் என்றேன்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் வாசல் வரைக்கும் ஜனம். மழை விட்டு வெயில் அடித்தது. நான் என் சுவரோரம் நின்றேன். எனக்கு இடது பக்கத்தில் ஒன்றுமில்லை, வலது பக்கத்தில் பதினோரு குரல். எதிரே வலப்பக்கத்தில் கீபோர்டோடு மாஸ்டர். முதல் சரணத்தில் அவர் குரல் என் குரலோடு வந்தது. இரண்டாவதில், பதினோரு பேர் இழுத்த இழுப்பில் அவர் வழுக்கி முதல் குரலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். விரலையும் பார்த்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு எதிராகத் தனியாகப் பாடுவது அவருக்கு முடியவில்லை. ஒரு வாரம் களத்தில் நடந்து மூச்சுப் பிடித்துப் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாம் சரணத்தில் அந்த நீளமான ஸ்வரம் வந்தது. இரண்டாம் குரலில் என்னோடு வேறு யாரும் கேட்கவில்லை. அவரைப் பார்த்தேன். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார், ஆனாலும் வாயை நிறுத்தவில்லை. பார்க்கிறவர்களுக்கு அவரும் பாடுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.